புளி போட்டுத் துலக்கிய முயல்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்குப் பொருளறையைப் பூட்டி, பூட்டின் மேல் வெள்ளைத்தாளைச் சுற்றி ஒட்டி, அதில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். பூஜை முடிந்து அலுவலகம் திறக்கும் நாளில்தான் அந்தத் தாளைக் கிழிக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை ஏதோ சிலைத் திருட்டுப் பயத்தால் வந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள்.

"சார், சர்க்குலர்ல ‘முன்நிகழ்வைக் கருத்தில் கொண்டு’ன்னு போட்டிருக்குது. அந்த முன்நிகழ்வு இன்னா சார்?"

"நான்தாம்மா அது," என்றேன்.

பிறகு, "அப்போ நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார், நாங்க படிச்சுக்கிறோம்," என்றாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம்.

துறையின் பெயர் வேண்டாம். காஞ்சிபுரத்தில் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் ஒரு சின்ன அலுவலகம் என்றால் போதும். பாதுகாத்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன். என் பெயரும் வேண்டாம். நாங்கள் சமணர்கள். எங்கள் பக்கத்தில் எங்களை நயினார் என்பார்கள். அலுவலகத்திலும் கடைசி வரை நான் நயினார் சார்தான். எறும்பைக்கூட மிதிக்காத குலம் என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் குலத்தில் பிறந்து நான் ஒரு முயலைக் கெடுத்தேன்.

வேலைக்கு வந்த கதை நீளமானதல்ல. வரலாற்றில் முதுகலை, தொல்லியலில் ஒரு பட்டயம், பிறகு இரண்டு வருடம் வெயிலில் உட்கார்ந்து பானை ஓடு பொறுக்கியது. ஓட்டைக் கழுவி, காய வைத்து, அதன் முதுகில் மெல்லிய தூரிகையால் எண் எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் என்னை எழுதவே வைத்தார்கள். அகழாய்வில் எனக்கு என்ன தெரியும் என்று யாரும் சோதிக்கவே இல்லை. அழகாக எழுதுகிறவனுக்கு விஷயமும் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் என் முப்பத்தோரு வருட சர்வீஸ் ஓடியது.

என் அதிகாரியாகப் பதினொரு வருடம் இருந்தவர் காந்திமதி மேடம். ஒல்லியான உருவம், பட்டைத் தவிர வேறு பேச்சில்லாத இந்த ஊரில் கஞ்சி போட்ட நூல் சேலை மட்டுமே கட்டுகிறவர். மேசையில் ஒரு பூதக்கண்ணாடி, சீவிய பென்சில் மூன்று, ஒரு டம்ளர் தண்ணீர். வேறு எதுவும் இருக்காது. வாட்ச்மேனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் சொல்வது ஒரே ஒரு சொல்: "படிங்க."

நாம் எழுதியதை நாமே அவர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. வாக்குமூலம் எழுதினால் கையெழுத்துப் போடுகிறவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எல்லா அலுவலகத்திலும் இருக்கும் விதிதான். மற்ற இடங்களில் ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டு நேராகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேடம் மட்டும் அந்த வாக்கியத்தை உண்மை என்று நம்பினார். எழுதும்போது பெரிய மனுஷத்தனமாகத் தெரிகிற வரிகள், படிக்கும்போது எவ்வளவு அசடு வழியும் என்பது எனக்கு அவரிடம்தான் தெரிந்தது.

ஒருமுறை ஒரு நெசவாளர் வீட்டைப் புதுப்பிக்கும்போது கிடைத்த பானை ஒன்று வந்தது. உள்ளே கருஞ்சிவப்புக் கறை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்: பல்லவர் காலச் சடங்குப் பானையாக இருக்கலாம், பலியிடும் வழக்கத்தோடு தொடர்பு இருக்கலாம் என்றெல்லாம். மேடம் அந்த வீட்டுக்காரரை வரவழைத்து உட்கார வைத்து, "படிங்க," என்றார். அந்தத் தெலுங்குப் பெரியவர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா அது எங்க நைனா அரக்குச் சாயம் காச்சின பானை. எனக்கு அப்போ பன்னண்டு வயசு," என்றார். மேடம் சிரிக்கவில்லை. பானையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை, சாயங்காலம் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

இனி முயலுக்கு வருகிறேன். எனக்கு ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முசரவாக்கம் வி.ஏ.ஓ. போன் செய்தார். கழிவறைக்குக் குழி தோண்டும்போது ஒரு அம்மாவுக்கு ஏதோ உலோகப் பொருள் கிடைத்திருக்கிறது, ஊருக்குள் புதையல் என்று பேச்சு, வந்து பார்த்து எழுதிக்கொண்டு போங்கள் என்றார். மேடம் வெளியூர் முகாமில் இருந்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவின் பெயர் மரியபுஷ்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கும் வேலை. தேங்காய் நாரையும் சாம்பலையும் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. தான் கண்டெடுத்ததை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்து காட்டினார்.

கட்டை விரல் நீளம்தான். ஓடுகிற முயல் போல ஒரு உருவம், காது பின்னால் படிந்திருந்தது. மேலெல்லாம் பச்சைக் களிம்பு. உடம்பில் மூன்று சின்னக் குழிகள், அவற்றில் நீலமாக ஏதோ இறுகிப் போயிருந்தது. பின்பக்கம் முறிந்த ஊசி.

"இது இன்னா சார்?" என்றார்.

"ஃபேன்சி ஸ்டோர்ல விக்கிற ப்ரோச்சு மாதிரி இருக்குதும்மா. புடவையில குத்துறது. பசங்க யாராச்சும் தொலைச்சிருப்பாங்க."

"இடுப்பளவு ஆழத்துலயா சார் தொலைச்சாங்க?"

பட்டயம் வாங்கியவன் கேட்க வேண்டிய கேள்வியைப் பாத்திரம் துலக்குகிறவர் கேட்டார். நான் யோசிக்காமல், "எலி இழுத்துக்கினு போயிருக்கும்," என்றேன். மரியபுஷ்பம் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களே வச்சிருந்திருக்கலாமே, எதுக்குச் சொல்லி அனுப்பினீங்க?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"என் மண்ணுலதான் கிடைச்சுது. ஆனா நான் வாங்கினது இல்லியே சார்," என்றார்.

பொருள் எதுவாக இருந்தாலும் மகசர் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை அங்கேயே எழுதி, கண்டெடுத்தவரிடமும் சாட்சியிடமும் கையெழுத்து வாங்குவது. மேடத்துக்குப் பயந்து ஒழுங்காகவே எழுதினேன்: ‘ஓடும் முயல் வடிவில் அமைந்ததும், பச்சைக் களிம்பு ஏறியதும், உடலில் உள்ள மூன்று குழிகளிலும் நீல நிறப் பற்றுக் காணப்படுவதும், முறிந்த ஊசியுடன் கூடியதுமான உலோகப் பொருள் ஒன்று.’ அதன் பிறகு பொருளை டப்பாவில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டு, கையோடு எடுத்துவர வேண்டும். அரக்கு தீர்ந்து போயிருந்தது. வாங்கி வைக்க வேண்டியவன் நான்தான். எனவே மரியபுஷ்பத்திடம், "திங்கக்கிழமை டவுனுக்கு வேலைக்கு வரும்போது எடுத்துக்கினு வந்து குடுத்துடும்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பையில் கேமரா வைத்த போன் இருந்தது. அதை எடுத்துப் படம் பிடிக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வருகிற வழியில் தாமல் ஏரிக்கரையில் மீன்கொத்தியைப் படம் எடுத்தேன்.

சொன்னபடி திங்கட்கிழமை காலையிலேயே வந்தார். பவுடர் டப்பாவைக் கழுவி, உள்ளே பஞ்சு வைத்து, அதில் முயலைப் படுக்க வைத்திருந்தார். நான் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுப் பதிவேட்டில் ‘மேற்படி பொருள் பெறப்பட்டது’ என்று ஒரே வரி எழுதினேன். வாங்கும்போது மறுபடியும் வர்ணித்து எழுதியிருக்க வேண்டும். மேற்படி என்ற ஒரு சொல் இருக்கும்போது எதற்கு வீண் உழைப்பு? முயல் என் மேசை இழுப்பறைக்குள் போனது.

பத்து நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. அரசு அலுவலகத்தில் ஆயுதம் என்றால் ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், தராசு, அளவு நாடா, நாங்கள் மண் தோண்டும் கரண்டிகள், பூட்டுகள். முந்தின நாளே எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அவல் பொரியோடு அடுக்குவோம். துலக்குவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. வீட்டில் என் மனைவி பித்தளை விளக்கை என்னிடம்தான் கொடுப்பாள். அன்று மேடம் விடுப்பு. பின்கட்டில் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கரைத்த புளியும் தேங்காய் நாருமாக நான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். தராசுத் தட்டு தங்கம் போல ஆயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் பாராட்டினார்கள். பாராட்டு தலைக்கு ஏறினால் கை சும்மா இருக்காது. இழுப்பறையில் பச்சை பிடித்துக் கிடக்கும் அந்த ப்ரோச்சின் ஞாபகம் வந்தது. எப்படியும் பழம்பொருள் இல்லையென்று திருப்பித் தரப் போகிறோம், பாவம், அந்த அம்மாவுக்கு பளபளவென்று கொடுப்போமே என்று நினைத்தேன். எடுத்துவந்து தேய்த்தேன்.

பச்சை போயிற்று. குழிகளில் இருந்த நீலமும் துணுக்குத் துணுக்காகப் புளித்தண்ணீரோடு போயிற்று. அழுக்கு என்றுதான் நினைத்தேன், அதனால் குச்சியால் குத்தியும் எடுத்தேன். முயல் மஞ்சளாக மின்னியது. மற்ற ஆயுதங்களோடு வரிசையில் வைத்து, அதன் இடுப்பில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பொருளைக் காக்க வேண்டியவனே அதைத் துலக்கித் தொலைத்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். மேய்ந்த வேலி அன்றைக்குப் பொரியும் கடலையும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனது.

விடுப்பு முடிந்து வந்த மேடம், அந்த மாதம் வந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முயலை எடுத்ததும் பூதக்கண்ணாடி நின்றுவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்தார்.

"இதை எங்கியோ புத்தகத்துல பாத்திருக்கேன். நம்ம ஊர்ப் பொருள் இல்ல," என்றார். "நடுக்குழியில சிவப்பா ஒண்ணு இருக்குதே?"

"ஆமாம் மேடம்," என்றேன். அது பொய்யில்லை. சிவப்பாக ஒன்று இருந்தது.

படமும் மகசர் நகலும் சென்னையில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவருக்குப் போயின. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ரோமானியப் பேரரசின் மேற்கு எல்லை நாடுகளில் செய்யப்பட்ட எனாமல் பதித்த உடையூசி இது, துணியை இழுத்துக் குத்திக்கொள்வதற்கானது, ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு வருடம் பழையது, இந்தப் பக்கத்தில் கிடைத்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதியிருந்தார். வணிகர் வழியாக வந்ததா, பிற்காலத்தில் யாரோ வெள்ளைக்காரர் கொண்டுவந்து தொலைத்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் இருந்தது. கடைசிப் பத்தியில்தான் விஷயம். மகசரில் கண்ட பச்சைக் களிம்பும் நீல எனாமலும் படத்தில் இல்லை. மகசரில் சொல்லாத சிவப்பு ஒன்று இருக்கிறது. ‘இந்தச் சிவப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை’ என்று எழுதியிருந்தார். எப்படிக் காண்பார்? அது சன்னதித் தெருக் கடையில் வாங்கியது.

அந்தக் கணத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மேடம் மகசரையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எழுதிய பொருள் ஒன்று, இப்போது இருக்கும் பொருள் வேறொன்று. நடுவில் மூன்று நாள் அது மரியபுஷ்பத்தின் வீட்டில் இருந்திருக்கிறது. வாங்கும்போது என்ன வாங்கினோம் என்பதற்கு எழுத்து இல்லை, மேற்படி என்ற சொல்தான் இருக்கிறது. விசாரணை வைத்தாக வேண்டியதாயிற்று.

வி.ஏ.ஓ. வந்தார், வருவாய் ஆய்வாளர் ஒருவர் வந்தார். மரியபுஷ்பம் மண்டபத்து வேலையில் பாதியில் கிளம்பி, ஈரப் புடவையோடு வந்து நின்றார். மேடம் நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"மூணு நாள் உன் வீட்லதான இருந்துச்சு?" என்றார் வருவாய் ஆய்வாளர். "அசலை எங்கம்மா குடுத்தே? டூப்ளிகேட் எங்க வாங்குனே?"

"நான் இன்னாத்துக்கு சார் மாத்தணும்? வேணும்னா தரவே மாட்டேனே," என்றார் மரியபுஷ்பம். மேசையில் இருந்த முயலைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் ஒருமுறை தடவினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது அதேதான் சார். ஊசி அதே எடத்துலதான் ஒடைஞ்சிருக்குது. யாரோ புளி போட்டுத் தேச்சிருக்காங்க."

நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பயத்தில் வந்த சிரிப்பு என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். அப்படியும் இருக்கலாம். ஆனால் வாய்விட்டு, தோள் குலுங்க, ரொம்ப நன்றாகச் சிரித்தேன். நான் ஆரம்பித்ததும் வருவாய் ஆய்வாளர் சிரித்தார், வி.ஏ.ஓ. சிரித்தார். "அரசாங்க ஆபீஸ்ல புளிக்குழம்பு வைக்கிறாங்கன்னு நெனைச்சுக்கினியா?" என்றார் ஆய்வாளர்.

"தெனம் ஐந்நூறு பேரு சாப்ட்ட பாத்திரம் தேய்க்கிறவ சார் நானு. புளி பட்ட உலோகம் எனக்குத் தெரியாதா? மோந்து பாருங்க."

யாரும் மோந்து பார்க்கவில்லை. மேடம் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். ‘மேல் விசாரணை தேவை’ என்று எழுதி அன்றைக்கு முடித்தோம். எழுதியதும் நான்தான், நல்ல கையெழுத்தில்.

அடுத்த மாதம் என் பெரியப்பா பேரனுக்குக் கல்யாணம், மரியபுஷ்பம் வேலை பார்க்கும் அதே மண்டபத்தில். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், அதனால் வெயில் இருக்கும்போதே பந்தியில் உட்கார்ந்தேன். பாயசக் கிண்ணத்தில் பழைய பிசுக்கு இருந்தது. சமையல் காண்ட்ராக்டர் சேகர் எனக்குப் பழக்கம். கூப்பிட்டுக் காட்டினேன்.

"மன்னிச்சுக்குங்க நயினார் சார். பாத்திரத்துக்கு நல்ல ஆளு இல்ல. மரியபுஷ்பத்தை நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"உங்க ஆபீஸ் வெவகாரந்தான் சார். புதையலை மாத்திட்டான்னு ஊர்ல பேச்சு. வெள்ளித் தட்டு பொழங்குற எடம் இது. கவர்மென்டே அவளை நம்பலன்னு ஆனப்புறம் நான் எப்டி சார் நம்புறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பதினாலு வருஷம் சார். ஒரு ஸ்பூன் காணாம போனதில்ல. அதான் மனசு ஒரு மாரியா இருக்குது. வேற மண்டபத்துலயும் கேட்டிருக்கா போல. யாரும் சேக்கல."

இலையில் இருந்த லட்டு அப்படியே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன். நான் மறைத்த பூசணிக்காய் ஒரு பெண்பிள்ளையின் சோற்றில் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் மிளகாய் கடித்துவிட்டேன் என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்தார்.

வெறுமனே ஒப்புக்கொண்டால் போதாது, நான் அந்த அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்பார்கள் என்று தோன்றியது. சான்று வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய், பின்கட்டில் செம்பருத்திச் செடியின் அடியில் ஒரு சதுரம் கயிறு கட்டி, கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சல்லடையில் சலித்தேன். என் சர்வீஸிலேயே நான் முறையாகச் செய்த அகழாய்வு அது ஒன்றுதான். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், செடி வாங்கியாந்தீங்களா?"

"இல்லப்பா. வேலை பாக்குறேன்."

"ஞாயித்துக்கெழமையா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டார்.

மதியத்துக்குள் இரண்டு கிடைத்தன. கடுகளவு நீலத் துணுக்குகள். வெள்ளைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேடத்தின் மேசையில் தாளைப் பிரித்து வைத்தேன். புளி, நார், குச்சி, சந்தனம், குங்குமம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடியால் துணுக்குகளைப் பார்த்தார். முயலை எடுத்து, நடுக்குழியில் பென்சில் முனையால் தொட்டு, அதை முகர்ந்தார்.

"எங்க கிடைச்சுது?"

"செம்பருத்திக்குக் கீழ, நாலு அங்குல ஆழத்துல, மேடம்."

"பதிவேட்டுல எழுதுங்க. அந்த அம்மா சொன்ன அன்னிக்கே நான் மோந்து பாத்திருக்கணும். பாக்கல. அதுவும் தப்புதான்." பென்சிலை வைத்தார். "என்கிட்ட சொல்லியாச்சு. இது என்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியதில்லையே. வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

முடிவுக்கு முன்னால் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. பொருளறை விதி வந்தது. சேகர் மறுவாரமே மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார். முயல் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று குழிகளும் காலி, அட்டையில் ‘எப்படி வந்தது என்று தெரியவில்லை’ என்று இருக்கும். கீழே கண்டெடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. துலக்கியவர் பெயர் இல்லை.

அன்று முசரவாக்கத்துக்கு வி.ஏ.ஓ.வையும் சேகரையும் வரச் சொல்லியிருந்தோம். வண்டி நின்றதும் தெருவே கூடிவிட்டது. மறுபடியும் விசாரணை என்று நினைத்திருப்பார்கள். மரியபுஷ்பம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மேடத்தை உட்கார வைத்தார். எனக்குப் போடவில்லை. நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து திருத்திய வாக்குமூலத்தை எழுதினேன். பொருளை இந்த அம்மா மாற்றவில்லை, பெற்றுக்கொண்டபோது அது மகசரில் கண்டபடியே இருந்தது, அலுவலகத்தில் நான்தான் அறியாமையால் புளியிட்டுத் துலக்கி நிறத்தை அழித்தேன், அதற்குச் சான்று கிடைத்திருக்கிறது என்று எழுதி, படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேகர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்கம்மா," என்றேன். பேனாவை நீட்டினேன்.

மரியபுஷ்பம் வாங்கவில்லை. "எல்லாம் சரி சார். ஒண்ணு உட்டுப் போச்சு."

"சொல்லுங்க."

"அன்னிக்கே நான் புளின்னு சொன்னேன். அது இதுல இல்ல."

எழுதினேன்.

"சொன்னப்போ நீங்க சிரிச்சீங்க. அதையும் எழுதுங்க."

"அதெல்லாம் ரெக்கார்டுல வராதும்மா," என்றார் வி.ஏ.ஓ.

மரியபுஷ்பம் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். "நடந்துச்சா?"

"நடந்துச்சு மேடம்."

"நடந்ததை எழுதுங்க."

‘அவ்வமயம் அலுவலகத்தில் சிரிப்பு எழுந்தது’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்த மேடம், "யாரு சிரிச்சது?" என்றார். அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, ‘அப்போது நான் சிரித்தேன்’ என்று எழுதினேன். எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த வரியை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"சத்தமாப் படிங்க சார்," என்றார் மரியபுஷ்பம். "அன்னிக்கு சத்தமாத்தான சிரிச்சீங்க."

கல்லிலிருந்து எழுந்து நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி படித்தேன்.